காபித் தராசில் நான்கு பிள்ளைகள்: ஊருக்கு ஊர் வளரும் பிள்ளைகளின் சாப்பாடும் எடையும்

கோரிமேடு_அம்மா | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக மனதை அரிக்கிற விஷயம் ஒன்று. இங்கே வாத்தியார்கள், நர்ஸ்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று பலரும் வருகிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

அரையாண்டு விடுமுறைக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மாமனார் வீட்டுக்கு எல்லோரும் போயிருந்தோம். காபிப் பழம் பறிக்கிற நேரம். மூட்டை நிறுக்க இரும்புப் பலகை வைத்த பெரிய தராசு ஒன்று களத்தில் இருக்கிறது. சாயங்காலம் பழம் எல்லாம் நிறுத்து முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக அதில் ஏறி நிற்க ஆரம்பித்தார்கள். சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு உயரமும் அளந்தார்கள்.

என் மகன், 14 வயது: 158 செ.மீ., 66 கிலோ. டெக்சாஸிலிருந்து வந்த நாத்தனார் மகன், அதே வயது: 170 செ.மீ., 72 கிலோ. ஜப்பானில் படிக்கும் கொழுந்தனார் மகள், 13 வயது: 154 செ.மீ., 43 கிலோ. நான்காவதாக, பழம் பறிக்க வருகிற, மலையாளி என்ற இந்த மலைப் பழங்குடியைச் சேர்ந்த அக்காவின் மகள், 14 வயது: 146 செ.மீ., 32 கிலோ.

என் மகன் ஏறியபோது ஒரு பெரியப்பா, "இன்னொரு மூட்டை வந்துருச்சு, கணக்குல எழுதுங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

என் கேள்வி இதுதான். வாரம் நான்கு நாள் பீட்சா சாப்பிடுவதாகச் சொல்கிற டெக்சாஸ் பையனைவிட, சாதம் குழம்பு சாப்பிடுகிற என் பையன் எப்படிப் பருமனாக இருக்கிறான்? ஜப்பான் பெண் மூன்று வேளையும் நிறைய சாப்பிட்டாள், நானே பார்த்தேன். அவள் எப்படி அளவாக இருக்கிறாள்?

மலையடி_நர்ஸ் | ஞாயிறு, இரவு 10:25

அக்கா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் பிள்ளையை நாலு பேர் முன்னால் எடை பார்ப்பதும் அதைச் சொல்லிச் சிரிப்பதும் வேண்டவே வேண்டாம். ஒரு வேளை பட்டினி கிடப்பான், மறுநாள் மறைந்து மறைந்து இரண்டு வேளைக்குச் சேர்த்துச் சாப்பிடுவான். நான் பள்ளிகளுக்குப் பரிசோதனைக்குப் போகும்போது தராசைத் தனி அறையில் வைத்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொள்கிறேன்.

இனி கணக்கு. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. உங்கள் மகனுக்கு 26.4, டெக்சாஸ் பையனுக்கு 24.9, ஜப்பான் பெண்ணுக்கு 18.1, மலைப் பெண்ணுக்கு 15.0. பெரியவர்களுக்குச் சொல்லும் 25, 30 என்ற எல்லைகளைப் பிள்ளைகளுக்குப் பொருத்தக் கூடாது. வயதுக்கும் பாலினத்துக்கும் தனித்தனி அட்டவணை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி 14 வயதுப் பையனுக்கு ஏறக்குறைய 21.8-க்கு மேல் அதிக எடை, 25.9-க்கு மேல் உடல் பருமன். அப்படிப் பார்த்தால் டெக்சாஸ் பையனும் அதிக எடைதான். உயரம் மறைத்துவிட்டது, அவ்வளவே. அதே அட்டவணையில் 14 வயதுப் பெண்ணுக்கு 15.4-க்குக் கீழே போனால் மெலிவு. மலைப் பெண் அந்தக் கோட்டுக்கும் கீழே நிற்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் உடம்பு அதே எடையில் அதிகக் கொழுப்பை வைத்துக்கொள்கிற உடம்பு. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் 2004-ல் தங்கள் இருவர் படத்தையும் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் கொண்டுவந்த அட்டவணையில் எல்லைகளை இன்னும் கீழே இறக்கியிருக்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், பதில் இங்கே எழுத வேண்டாம், தனிச்செய்தியில் சொல்லுங்கள். பையனுக்குப் பின்கழுத்தில், மடிப்புகளில், வெல்வெட் துணி மாதிரி கறுப்பாக இருக்கிறதா?

சைதாமா_ஆத்தூர்க்காரன் | திங்கள், காலை 6:10

ஆத்தூர்தான் சொந்த ஊர். டோக்கியோ பக்கம் சைதாமாவில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். மகள் நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள்.

ஜப்பான் பிள்ளைகளுக்கு வாயைக் கட்டுகிற வித்தை எதுவும் தெரியாது. சுற்றிலும் எல்லாம் அமைத்து வைத்திருக்கிறார்கள். பள்ளிச் சாப்பாட்டுச் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. மாதத் தொடக்கத்தில் அந்த மாதம் முழுவதற்குமான சாப்பாட்டு அட்டவணை வீட்டுக்கு வரும், ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை கலோரி, எவ்வளவு புரதம் என்று போட்டு. 12 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு மதியச் சாப்பாட்டின் அளவுகோல் 830 கலோரி. குறைவே இல்லை பாருங்கள். சோறு, மிசோ சூப், மீன் அல்லது கறி, காய், 200 மில்லி பால். பிள்ளைகளே வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுப் பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதையேதான் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். டப்பா கொண்டுபோகிற வேலையே இல்லை. பள்ளிக்குள் மிட்டாய்க் கடை கிடையாது. போக வர நடை. 2005-ல் உணவுக் கல்விக்கென்றே தனிச் சட்டம் போட்டு, பள்ளிகளில் ஊட்டச்சத்து ஆசிரியர் என்று ஒரு பதவியும் உருவாக்கினார்கள்.

ஆனால் இங்கேயும் ஒரு குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். இருபதுகளில் இருக்கும் பெண்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு மெலிவு. என் மகள் வகுப்பிலேயே இரண்டு பெண்கள் சோற்றைப் பாதிக் கிண்ணம் போடச் சொல்லிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். மகள் சொன்ன நாளிலிருந்து எனக்கும் பயம்தான்.

அம்மாபேட்டை_தறி | திங்கள், காலை 8:02

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். வளர்கிற பிள்ளைக்கு உடம்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும், பதினெட்டு வயதில் இழுத்துக்கொண்டு நிற்கும் என்பார் எங்க அப்பா. தாது வருசப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா எப்படிச் செத்தது என்று அவருடைய தாத்தா சொல்லிக் கேட்டவர் அவர். 1876-ல் ஆரம்பித்து இரண்டு வருடம். அந்த நினைவில் வந்த வீட்டில் பிள்ளை பூசினாற்போல் இருந்தால்தான் பெரியவர்களுக்கு நிம்மதி. எங்கள் வீட்டில் தறிச் சத்தம் நிற்கிற நேரம் டீயும் வர்க்கியும் வரும், பிள்ளைக்கும் ஒன்று. இதையெல்லாம் நோய் என்று சொன்னால் பாட்டிகள் மனசு தாங்குமா?

மலையடி_நர்ஸ் | திங்கள், காலை 8:30

அண்ணா, பாட்டியின் பயம் நியாயமானது. பஞ்சத்தில் பிழைத்த உடம்பு, கிடைத்ததைச் சேர்த்து வைக்கப் பழகியது என்று சொல்கிற ஆராய்ச்சியாளர்கள் உண்டு, அதை மறுக்கிறவர்களும் உண்டு. ஆனால் "பதினெட்டில் இழுத்துக்கொள்ளும்" என்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள். பதின்வயதில் பருமனாக இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பெரியவர்களான பிறகும் அப்படியே இருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடை. அவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் 14 வயதுப் பிள்ளைகள்தானே.

சூரமங்கலம்_வாசகன் | திங்கள், மதியம் 1:15

நாடுகளை ஒப்பிடுவதாக இருந்தால் எண்கள் எப்படி வந்தன என்று முதலில் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் 1980-களிலிருந்து நான்கு வருடத்துக்கு ஒரு முறை 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் பெரிய கணக்கெடுப்பு நடக்கிறது. 2021-22 சுற்றில் 44 நாடுகள். அதில் உயரமும் எடையும் பிள்ளைகளே எழுதித் தருவது. எந்த நாட்டுப் பிள்ளையும் எடையைக் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதும். அப்படியும் ஐந்தில் ஒருவருக்கு மேல் அதிக எடை என்று வந்தது. தினமும் பழமோ காயோ சாப்பிடுகிறவர்கள் ஐந்தில் இருவருக்கும் குறைவு. நம் நாட்டில் 2016-18-ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய் அளந்தார்கள். 10 முதல் 19 வயதினரில் 24 சதவீதம் மெலிவு, 5 சதவீதம் அதிக எடை. இரண்டையும் பக்கத்தில் வைத்து "நாம் தேவலாம்" என்று முடிவு கட்ட முடியாது. நம் 24 சதவீதத்தை அந்த நாடுகளில் பார்க்க முடியாது.

இன்னொரு வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐரோப்பாவில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைதான் பருமனாகிறது. நம்மிடம் இன்றைக்கும் அது வசதியான நகரத்து வீட்டுப் பிள்ளை. அந்த நான்கு பேரில் சேலத்துப் பையனும் நாகலூர்ப் பெண்ணும் ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். டெக்சாஸுக்கும் சேலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைவிட இவர்களுக்குள் உள்ள வித்தியாசம் பெரியது.

2025-ல் யுனிசெஃப் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 முதல் 19 வயதினரில் உடல் பருமன் 9.4 சதவீதம், எடைக் குறைவு 9.2. உலக அளவில் முதல் முறையாகப் பருமன் முந்திவிட்டது. பசிபிக் தீவுகளில் நியுவே 38, குக் தீவுகள் 37, நவ்ரூ 33 சதவீதம். சிலி 27, அமெரிக்கா 21. அந்தத் தீவுப் பிள்ளைகள் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மீனும் கிழங்கும் தேங்காயும் சாப்பிட்ட ஊர்களுக்கு வெளிநாட்டில் ஒதுக்கிய கொழுப்பு இறைச்சி மலிவாக வந்து இறங்கியது. அதே பசிபிக்கில் உள்ள சமோவா, அப்படி வந்த வான்கோழி வால் இறக்குமதியை 2007-ல் தடை செய்தது. பிறகு உலக வர்த்தக அமைப்பில் சேரும்போது அந்தத் தடையை எடுக்க வேண்டி வந்தது. ஒரு பிள்ளையின் தட்டில் விழுவதை எங்கெங்கோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்.

டாலஸ்_மாமா | திங்கள், இரவு 7:48

அமெரிக்கா பற்றி ஒரு வரி. இங்கே 12 முதல் 19 வயதினரில் 22 சதவீதம் பேருக்கு உடல் பருமன். பள்ளி மதியச் சாப்பாடு 1946-லிருந்து இருக்கிறது, 2012-லிருந்து காயும் முழுத்தானியமும் கட்டாயம். ஆனால் மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் எங்கே போவதானாலும் கார்தான். என் மகன் நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு கடைகூட இல்லை, நடைபாதையும் இல்லை. கால்பந்துப் பயிற்சி இருக்கிற பருவத்தில் இறங்குவான், முடிந்ததும் ஏறுவான்.

பி.இ.டி_வாத்தியார் | திங்கள், இரவு 9:05

இப்போது நான் பேச வேண்டிய இடம். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறது. 146 நாடுகளில் 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் அதைச் செய்வதில்லை. தென்கொரியப் பெண் பிள்ளைகளில் 97 சதவீதம். இந்தியா 74 அளவில் இருப்பது பார்க்க நல்லதாகத் தெரியும். காரணம் என்னவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதியதைப் படித்துத்தான் நான் யோசித்தேன்: பையன்களுக்குக் கிரிக்கெட், பெண்களுக்கு வீட்டு வேலை. நாகலூர்ப் பெண் குடம் தூக்குவதும் அந்தக் கணக்கில்தான் வரும் போலிருக்கிறது.

நான் இருக்கிற பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பி.டி. பீரியட். நவம்பர் வந்தால் ஒன்றைக் கணக்கு எடுத்துக்கொள்ளும், இன்னொன்றை அறிவியல் எடுத்துக்கொள்ளும். பத்தாம் வகுப்புக்குப் பந்தையே கண்ணில் காட்டுவதில்லை. காலை ஐந்தரைக்கு டியூஷன், வெறும் வயிறு. பத்தே முக்காலுக்கு இடைவேளை மணி அடித்ததும் கேன்டீனில் பப்ஸுக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தால் அவர்கள் மேல் கோபமே வராது. ஐந்து மணி நேரம் முழித்திருந்த பிள்ளைகள்.

கோரிமேடு அம்மா, உங்கள் பையனும் டியூஷனா?

கோரிமேடு_அம்மா | திங்கள், இரவு 10:20

ஆமாங்க சார், அதே ஐந்தரைதான். காலையில் ஒரு டம்ளர் பூஸ்ட், சர்க்கரை இரண்டு ஸ்பூன். இடைவேளையில் பப்ஸ். மதியம் டப்பாவில் லெமன் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். காய் வைத்தால் திரும்பி வருகிறது என்று நான்தான் காய் வைப்பதை நிறுத்தினேன். சாயங்காலம் ஐந்து ரோடு சந்திப்பில் பஸ் மாறும்போது ஒரு தட்டுவடை செட், ஒரு பாட்டில் ஜூஸ். ராத்திரி எட்டரைக்கு வந்து பசிக்குது என்பான், மூன்று தட்டுச் சோறு. வாரம் இரண்டு நாள் பரோட்டா. இப்போது எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, இரண்டு நாளைச் சாப்பாட்டை இருட்டின பிறகு சாப்பிடுகிறான். "வீட்டுச் சாப்பாடு" என்று நான் பெருமையாகச் சொன்னதில் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு வேளைதான்.

நர்ஸ் தங்கச்சி கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன், மற்ற அம்மாக்களுக்கும் உதவட்டும். ஆமாம், பின்கழுத்து கறுத்துத்தான் இருக்கிறது. ஒரு வருடமாக அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சம்பழத் தோலும் தேய்த்தேன். எரியுதும்மா என்பான். குளிக்கச் சோம்பல் என்று திட்டியிருக்கிறேன்.

மலையடி_நர்ஸ் | திங்கள், இரவு 10:41

அக்கா, அழாதீர்கள். பத்து அம்மாக்களில் எட்டுப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் அளவுக்கு மேல் சுரக்கிறது என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம். தேய்த்துப் போகாது, எடை குறைந்தால் தானாக மங்கும். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் பாருங்கள். பட்டினி, பவுடர், டயட் எதுவும் வேண்டாம். உயரம் ஏறுகிற வயது, எடை இப்படியே நின்றாலே பாதி வேலை முடிந்தது.

சத்துணவு_அக்கா | செவ்வாய், காலை 7:15

மலைமேல் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். எல்லோரும் தம்பியைப் பற்றியே பேசுகிறீர்கள், அதில் தப்பில்லை. அந்த 32 கிலோப் பெண்ணைப் பற்றி நான் சொல்கிறேன்.

அவளும் அவளை மாதிரி நிறையப் பேரும் எங்கள் பள்ளியில் இருக்கிறார்கள். காலையில் வரக்காபி குடித்துவிட்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வருவாள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதனால் சின்ன வகுப்பில் படிக்கிற தன் தம்பி தின்று முடித்த கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத் தன் வகுப்புக்குப் போவாள். மதியம் நான் போடுகிற சாதமும் முட்டையும்தான் அவளுக்கு முதல் சாப்பாடு. கொண்டைக்கடலையோ பயறோ போடுகிற நாளில் இரண்டாவது கரண்டி கேட்பாள். காமராஜர் 1956-ல் ஆரம்பித்து, எம்.ஜி.ஆர். 1982-ல் விரிவாக்கிய சாப்பாடு இது. எங்கள் மலையில் இது இல்லையென்றால் பாதிப் பிள்ளைகள் வரவே மாட்டார்கள். அதுவும் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான்.

முன்னெல்லாம் வீட்டில் சாமைச் சோறும் ராகிக் களியும் அவரைப் பருப்பும் இருந்தன. இப்போது சாமை போடுகிற கொல்லை குறைந்துவிட்டது, ரேஷன் அரிசிச் சோறும் ரசமும்தான். வீட்டில் அப்பா, தம்பி சாப்பிட்டபின் மிச்சம் அவளுக்கும் அம்மாவுக்கும். வாரம் ஒரு நீல இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று துப்பிவிடுவார்கள், அதனால் சாப்பிட்ட பிறகு நான் நின்று கொடுக்கிறேன். இதே பெண்கள் தோட்டத்துப் பக்கம் ஐந்து ரூபாய் பாக்கெட் சிப்ஸும் வாங்கித் தின்கிறார்கள். ரத்தமும் இல்லை, சத்தும் இல்லை, பாக்கெட் மட்டும் மலை ஏறி வந்துவிட்டது.

பி.இ.டி_வாத்தியார் | புதன், மாலை 6:30

நேற்று ஒரு வேலை செய்தேன். உணவுப் பாதுகாப்புத் துறையின் 2020 விதிப்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமான பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. நீளம் தாண்டுதலுக்கு வைத்திருக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பையன்களோடு வாசலுக்குப் போனேன். 50 மீட்டருக்குள் ஐந்து கடை. முதல் கடை 11 மீட்டரில். கலர் பாட்டில், சிப்ஸ் சரம், கிரீம் பன். சிலியில் 2016-லிருந்து இந்த மாதிரிப் பாக்கெட் மேல் கறுப்பு எண்கோண முத்திரை போட்டு, பள்ளிகளில் விற்பதையும் நிறுத்திவிட்டார்கள். மெக்சிகோவும் 2025-ல் பள்ளிகளில் நிறுத்தியது. நம்மிடமும் விதி இருக்கிறது. டேப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

அம்மாபேட்டை_தறி | புதன், மாலை 7:10

சார், அந்த 50 மீட்டரில் தட்டுவடை செட் போடுகிற அக்கா இருந்தால் அவரை விட்டுவிடுங்கள். இரண்டு தட்டுவடை நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயம், புதினாச் சட்னி. பள்ளிப் பிள்ளைகள் பச்சைக் காய் தின்கிற இடமே சேலத்தில் அதுதான்.

பி.இ.டி_வாத்தியார் | புதன், மாலை 7:25

ஒத்துக்கொள்கிறேன். எண்ணெயில் பொரித்ததுதான், ஆனாலும் ஒரு செட்டோடு நின்றால் தப்பில்லை. இரண்டாவது கடைக்கார அக்காவிடம் பேசினேன். பாட்டில் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் நிற்கிறதாம். வேகவைத்த கடலைக்கும் மாங்காய்க் கீற்றுக்கும் அதைவிட அதிகம் நிற்கும், மிஞ்சினால் வீணாகும் என்பதுதான் பயம் என்றார். முதல் பத்து நாள் மிஞ்சுவதை ஆசிரியர் அறையில் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். தலைமையாசிரியரிடம் பி.டி. பீரியடையும் கேட்டேன். பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார்.

கோரிமேடு_அம்மா | சனி, இரவு 9:15

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது, இன்னும் தாண்டவில்லை. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொன்னார். டியூஷனை மாலைக்கு மாற்றிவிட்டேன். காலையில் இரண்டு முட்டையும் இட்லியும் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். பாட்டில் ஜூஸை நிறுத்தியாயிற்று, தட்டுவடை செட் இருக்கிறது. பஸ் ஸ்டாப்புக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்து வருகிறான்.

மகனிடம் அந்தத் தராசு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நான் ஏறினப்ப எல்லாரும் சிரிச்சீங்க. அந்தப் புள்ள ஏறினப்ப யாருமே ஒண்ணும் சொல்லலையே, ஏம்மா?" என்றான்.

சத்துணவு அக்கா, பொங்கலுக்கு மலைக்கு வருகிறோம். அவள் அம்மாவிடம் பேசி, பெண்ணை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி ரத்தம் பார்க்க வேண்டும். எந்த நாள் டாக்டர் இருப்பார் என்று மட்டும் சொல்லுங்கள்.

சத்துணவு_அக்கா | ஞாயிறு, காலை 6:50

பொங்கல் கழித்து வருகிற செவ்வாய் வாருங்கள் அக்கா. காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், நானும் வருகிறேன். அவளைச் சாப்பிட வைத்துக் கூட்டி வரச் சொல்லி அவள் அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுகிறேன்.